நூறு பேருக்கும் ஒரே வழக்கு: கோர்ட்டு எப்போது ஒத்துக்கொள்ளும்?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் சட்ட விழிப்புணர்வுக் குழுவினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

போன கூட்டத்தில் ஒரு கேள்வி வந்தது. "நாம நூறு பேரு ஏமாந்திருக்கோம்னா, நூறு பேரும் தனித்தனியா கோர்ட்டுப் படி ஏறணுமா? குழுவுல ஒரு தீர்மானம் போட்டா எல்லாருக்கும் பொருந்துதே. அதே மாதிரி எல்லாருக்கும் சேர்த்து ஒரே வழக்குப் போட முடியாதா?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. அதற்கு இன்றைக்குப் பதில் சொல்கிறோம்.

முடியும். ஆனால் நாம் சேர்ந்துவிட்டோம் என்பதற்காகவே கோர்ட்டு ஒத்துக்கொள்ளாது. அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கொடுத்த பிறகும் அதைக் கோர்ட்டு திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எதைப் பார்த்துக் கொடுக்கிறார்கள், எதைப் பார்த்து ரத்து செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால், நாளைக்கு நமக்கு ஒரு அநியாயம் நடந்தால் எங்கே உஷாராக இருக்க வேண்டும் என்பது புரியும்.

இந்த மாதிரி வழக்கு அதிகமாக நடப்பது அமெரிக்காவில். அங்கே 'கிளாஸ் ஆக்‌ஷன்' என்று சொல்கிறார்கள். நாம் 'கூட்டு வழக்கு' என்றே வைத்துக்கொள்வோம். முதலில் அந்த நாட்டுக் கதையைச் சொல்லிவிட்டு, பிறகு நம் நாட்டுச் சட்டத்துக்கு வருகிறோம். அமெரிக்கா எங்கேயோ இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அங்கேயும் வழக்குப் போட்டவர்கள் கடையில் நின்று வேலை பார்த்த பெண்களும், கறி வெட்டிய கூலிக்காரர்களும்தான்.

எதற்காக இந்த ஏற்பாடு?

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு நிறுவனம் நம் ஒவ்வொருவர் கணக்கிலிருந்தும் காரணமே இல்லாமல் 300 ரூபாய் பிடித்துவிட்டது. அந்த 300 ரூபாய்க்காக ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி, வக்கீலைத் தேடிப் போவோமா? மாட்டோம். 'போய்த் தொலையட்டும்' என்று விட்டுவிடுவோம். ஆனால் அப்படிப் பிடித்தது பத்தாயிரம் பேரிடம் என்றால், மொத்தம் 30 லட்சம் ரூபாய். நாம் ஒவ்வொருவரும் விட்டுக்கொடுத்தது அவர்களுக்கு முப்பது லட்சம் லாபம்.

அதனால்தான் ஒருவரோ சிலரோ எல்லாருடைய சார்பிலும் வழக்கு நடத்தலாம், கிடைக்கும் தீர்ப்பு எல்லாருக்கும் பொருந்தும் என்று ஏற்பாடு செய்தார்கள். அமெரிக்க மத்திய நீதிமன்றங்களில் இதற்கு 23-ம் எண் விதி இருக்கிறது. இப்போதைய வடிவம் 1966-ல் வந்தது.

இதில் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. தீர்ப்பு எல்லாருக்கும் பொருந்தும் என்றால், ஜெயித்தால் மட்டும் இல்லை, தோற்றாலும் எல்லாருக்கும் பொருந்தும். கோர்ட்டுக்கே வராத, வழக்கு நடப்பதே தெரியாத ஒரு பெண்ணின் உரிமையும் அதோடு போய்விடலாம். அதனால்தான் நீதிபதி எடுத்தவுடன் சரி என்று தலையாட்டுவதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கூட்டு வழக்கு என்று அனுமதி கிடைத்துவிட்டால், எதிர்த்தரப்பு நிறுவனம் பெரும்பாலும் சமாதானம் பேச வந்துவிடும். லட்சம் பேருக்குப் பணம் கொடுக்க வேண்டி வருமோ என்ற பயம். அனுமதி கிடைக்காவிட்டால் அந்தப் பயம் போய்விடும். ஆகவே பெரிய சண்டையே அனுமதி கிடைக்குமா என்ற வாசலில்தான் நடக்கிறது.

வாசலில் கேட்கும் நாலு கேள்வி

ஒன்று: ஆட்கள் எத்தனை பேர்? எல்லார் பெயரையும் தனித்தனியாக வழக்கில் சேர்ப்பது நடக்கிற காரியம் இல்லை என்ற அளவுக்குக் கூட்டம் இருக்க வேண்டும். சட்டத்தில் எண்ணிக்கை எழுதவில்லை. சுமார் 40 பேருக்கு மேல் இருந்தால் பொதுவாக ஏற்றுக்கொள்கிறார்கள்.

இரண்டு: எல்லாருக்கும் பொதுவான கேள்வி இருக்கிறதா? இதுதான் தலையாய கேள்வி. இதைப் பிறகு விளக்கமாகச் சொல்கிறோம்.

மூன்று: முன்னால் நிற்பவருக்கு நடந்ததும் மற்றவர்களுக்கு நடந்ததும் ஒரே வகையா? டெக்ஸாஸ் மாநிலத்தில் ஒரு தொலைபேசி நிறுவன ஊழியர், மெக்சிகோ வம்சாவளிக்காரர், தனக்குப் பதவி உயர்வு தரவில்லை என்று வழக்குப் போட்டார். கூடவே, தன் இனத்தவர் என்பதால் வேலையே கிடைக்காமல் போனவர்களுக்கும் நானே பிரதிநிதி என்றார். 1982-ல் உச்ச நீதிமன்றம் அப்படி மொத்தமாக ஒத்துக்கொள்ள முடியாது என்றது. இனம் ஒன்றுதான். ஆனால் பதவி உயர்வு கிடைக்காதது ஒரு கதை, வேலையே கிடைக்காதது வேறு கதை. நீதிபதி மேலோட்டமாகப் பார்க்கக் கூடாது, துருவித் துருவிப் பார்க்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

நான்கு: முன்னால் நிற்பவரை நம்பலாமா? நம் குழுவில் பிரதிநிதியை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? பாங்கிக்குப் போய்விட்டுத் தன் வேலையை மட்டும் முடித்துக்கொண்டு வருகிற ஆளைப் போடுவோமா? அதே மாதிரிதான் கோர்ட்டும் பார்க்கிறது. எதிர்த்தரப்போடு தனக்கு மட்டும் ஏதாவது பேசிக்கொள்வாரா, மற்றவர்களின் நலனுக்கு எதிரான நலன் அவருக்கு இருக்கிறதா, அவர் வைத்திருக்கும் வக்கீல் இவ்வளவு பேர் வழக்கைத் தாங்குவாரா என்று பார்ப்பார்கள்.

எல்லாருக்கும் நஷ்டஈட்டுப் பணம் கேட்கிற வழக்கு என்றால் இன்னும் இரண்டு பார்ப்பார்கள். பொதுவான விஷயம் பெரிதா, ஆளுக்கு ஆள் மாறும் விஷயம் பெரிதா? தனித்தனி வழக்கைவிடக் கூட்டு வழக்குதான் நல்ல வழியா? இரண்டுக்கும் சரியான பதில் இருந்தால்தான் அனுமதி. பிறகு எல்லாருக்கும் தகவல் போக வேண்டும். 'நான் இதில் வரவில்லை, தனியாகப் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்பவர் விலகிக்கொள்ளவும் வழி உண்டு.

ஆட்டுக் கதையில் புரிந்துகொள்வோம்

பொதுவான கேள்வி என்றால் என்ன? நமக்குத் தெரிந்த ஆட்டை வைத்தே பார்ப்போம்.

அறுபது பெண்கள் கடன் வாங்கி ஆடு வாங்கினார்கள். இரண்டு மாதத்தில் ஆடுகள் செத்துப்போயின. 'எங்க எல்லாருக்கும் நஷ்டம், எல்லாருக்கும் ஒரே வழக்கு' என்று வியாபாரி மேல் போகிறார்கள். நீதிபதி கேட்பார்: ஆடு ஏன் செத்தது? ஒன்று வாங்கும்போதே நோய் ஆடு. ஒன்று மழையில் நனைந்து செத்தது. ஒன்றை நாய் கடித்தது. அறுபது ஆட்டுக்கும் அறுபது பதில். நஷ்டம் பொதுவாக இருக்கிறது, பதில் பொதுவாக இல்லை. அனுமதி கிடைப்பது கஷ்டம்.

இப்போது இப்படிப் பாருங்கள். அறுபது ஆட்டுக்கும் ஒரே இன்சூரன்ஸ். ஆடு செத்ததும் எல்லாரும் காது வில்லையைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நிறுவனம் அறுபது பேருக்கும் ஒரே காரணம் சொன்னது: "இந்த மாதிரி வில்லை செல்லாது." இப்போது கேள்வி ஒன்றே ஒன்று. அந்த வில்லை செல்லுமா, செல்லாதா? செல்லும் என்றால் அறுபது பேரும் அந்தத் தடையைத் தாண்டிவிடலாம். செல்லாது என்றால் அறுபது பேரும் அதிலேயே நின்றுவிடுவார்கள். இதைத்தான் கோர்ட்டு தேடுகிறது. எல்லாருக்கும் வலிக்கிறதா என்று மட்டும் கேட்பதில்லை. ஒரு பதிலால் எல்லார் வழக்கும் ஒரு படி நகருமா என்று கேட்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு, நடந்த வழக்குகளைப் பார்ப்போம்.

சுரங்கத்துப் பெண்கள்

மின்னசோட்டா மாநிலத்தில் எவலெத் என்ற ஊரில் இரும்புச் சுரங்கம். ஆண்கள் மட்டுமே பார்த்த வேலைக்கு 1975-ல் லோயிஸ் ஜென்சன் என்ற பெண் போனார். அங்கே பெண்கள் பட்ட அசிங்கமான பேச்சும், தொல்லையும், மிரட்டலும் கொஞ்சநஞ்சம் இல்லை. 1988-ல் வழக்குத் தொடர்ந்தார்கள். நிறுவனம் சொன்னது: ஒவ்வொரு பெண்ணுக்கும் நடந்தது வேறு வேறு, மனசு புண்பட்டதும் வேறு வேறு, இது எப்படிக் கூட்டு வழக்கு ஆகும்?

1991 டிசம்பரில் நீதிபதி அனுமதி கொடுத்தார். அந்த இடத்தின் சூழலே பெண்களுக்கு விரோதமாக இருந்ததா என்பது எல்லாருக்கும் பொதுவான கேள்வி. யாருக்கு எவ்வளவு பாதிப்பு என்பதைப் பிறகு தனியாகப் பார்க்கலாம் என்ற வழி அது. பாலியல் தொல்லைக்காக அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் கூட்டு வழக்கு இதுதான்.

ஆனால் தனித்தனியாகப் பார்க்கும் கட்டம் வந்தபோது அந்தப் பெண்கள் பட்ட பாடு பெரிது. நஷ்டஈட்டைக் குறைக்க எதிர்த்தரப்பு வக்கீல்கள் ஒவ்வொருவரின் மருத்துவக் குறிப்பையும், சொந்த வாழ்க்கையையும் கிண்டினார்கள். பத்து வருடம் கழித்து, 1998 கடைசியில்தான் சமாதானமாக முடிந்தது. அனுமதி கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டினதுதான். மீதிக் கிணற்றுக்கும் மனதைத் தயார் பண்ண வேண்டும்.

15 லட்சம் பெண்களின் வழக்கு

அடுத்தது எல்லாரும் சொல்லும் வழக்கு. வால்மார்ட் உலகத்திலேயே பெரிய சில்லறை வியாபார நிறுவனம். பெட்டி டூக்ஸ் என்ற கறுப்பினப் பெண் 1994-ல் கலிபோர்னியாவில் பிட்ஸ்பர்க் என்ற ஊர்க் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பெண்களுக்குச் சம்பளம் குறைவு, பதவி உயர்வு கிடைப்பதில்லை என்று 2001-ல் அவரும் இன்னும் சில பெண்களும் வழக்குப் போட்டார்கள்.

அவர்கள் காட்டிய கணக்கு இது. மணிக்கணக்குச் சம்பள வேலையில் நூற்றுக்கு 70 பேர் பெண்கள். மேலாளர் வேலையில் நூற்றுக்கு 33 பேர்தான். பெண்கள் 120 பேர் தங்களுக்கு நடந்ததை எழுதிக் கொடுத்தார்கள். 2004-ல் கீழ்க் கோர்ட்டு அனுமதி கொடுத்தது. நாடு முழுக்க சுமார் 15 லட்சம் பெண்களுக்கு ஒரே வழக்கு. மேல்முறையீட்டு நீதிமன்றமும் பெரும்பகுதியை 2010-ல் ஏற்றுக்கொண்டது.

நிறுவனம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2011 ஜூன் 20-ம் தேதி தீர்ப்பு. அனுமதி போய்விட்டது.

என்ன காரணம்? நீதிபதி ஸ்காலியா எழுதிய தீர்ப்பைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். கடைகள் சுமார் 3,400. யாருக்கு எவ்வளவு சம்பளம், யாருக்குப் பதவி உயர்வு என்பதை அந்தந்த ஊர் மேலாளர்தான் முடிவு செய்தார். பாகுபாடு கூடாது என்பதுதான் எழுத்தில் இருந்த கொள்கை. அப்படி இருக்கும்போது 'எனக்கு ஏன் கிடைக்கவில்லை' என்று 15 லட்சம் பெண்கள் கேட்டால், ஆயிரக்கணக்கான மேலாளர்களின் ஆயிரக்கணக்கான காரணங்கள் வரும். எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டவைக்கும் பொதுவான ஒன்றை நீங்கள் காட்டவில்லை என்றார்கள். நம் ஆட்டுக் கதையில் முதல் பாதி இதுதான்.

இந்தப் பகுதியில் ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு நீதிபதிகள் ஒரு பக்கம். மறுபக்கத்துக்காக எழுதியவர் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க், ஒரு பெண்மணி. சம்பளத்தையும் உயர்வையும் ஒரு வரைமுறை இல்லாமல் மேலாளர் இஷ்டத்துக்கு விட்டதே எல்லாருக்கும் பொதுவான ஒரு நடைமுறைதானே, அதுவே பாகுபாட்டுக்கு வழிவிடாதா என்பது அவர் வாதம். ஆனால் இன்னொரு விஷயத்தில் ஒன்பது நீதிபதிகளும் ஒத்துப்போனார்கள். 'இனிமேல் இப்படிச் செய்யாதே' என்று உத்தரவு கேட்கும் வழக்குக்கு உள்ள சுலபமான பாதையில், ஆளுக்கு ஆள் மாறும் சம்பளப் பாக்கியைக் கேட்க முடியாது என்றார்கள்.

நன்றாகக் கவனியுங்கள். பெண்களுக்குப் பாகுபாடு நடக்கவில்லை என்று கோர்ட்டு சொல்லவில்லை. நடந்ததா இல்லையா என்ற விசாரணைக்கே போகவில்லை. பத்து வருடம் வாசலிலேயே முடிந்தது. பிறகு மாநிலம் மாநிலமாகச் சின்னக் கூட்டு வழக்காகப் பிரித்துப் பார்த்தார்கள். கலிபோர்னியா வழக்குக்கு 2013-ல் அனுமதி மறுக்கப்பட்டது. தனித்தனியாக அரசு ஆணையத்தில் புகார் கொடுத்த பெண்கள் ஏறத்தாழ 2,000 பேர். 15 லட்சம் எங்கே, 2,000 எங்கே! மற்றவர்கள் எல்லாம் அப்படியே கலைந்துபோனார்கள். பெட்டி டூக்ஸ் 2017-ல் காலமானார்.

கறி வெட்டுபவர்களின் 18 நிமிடம்

அதே உச்ச நீதிமன்றம் 2016-ல் வேறொரு கூட்டு வழக்கில் அனுமதியைக் காப்பாற்றியது. அயோவா மாநிலத்தில் ஸ்டார்ம் லேக் என்ற ஊரில் டைசன் நிறுவனத்தின் பன்றி இறைச்சித் தொழிற்சாலை. கத்தி பிடித்து வேலை செய்பவர்கள், வேலைக்கு முன்னால் பாதுகாப்பு உடுப்பு மாட்ட வேண்டும், முடிந்ததும் கழற்ற வேண்டும். அந்த நேரத்துக்குச் சரியான கூலி இல்லை. 3,344 தொழிலாளர்களுக்கான கூட்டு வழக்கு.

நிறுவனம் என்ன சொன்னது? ஒவ்வொருவரும் மாட்டும் உடுப்பு வேறு, எடுக்கும் நேரம் வேறு, அதனால் சேர்த்துப் பார்க்க முடியாது. தொழிலாளர் தரப்பு என்ன செய்தது? ஒரு நிபுணரை வைத்து, வீடியோ எடுத்து, நேரத்தை அளந்தார்கள். வெட்டும் பிரிவில் சராசரி 18 நிமிடம். அறுக்கும் பிரிவில் 21 நிமிடம் 15 விநாடி.

ஆறு நீதிபதிகள் தொழிலாளர் பக்கம் நின்றார்கள். இந்த நேரத்தைப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டியது முதலாளி. அவர் வைக்கவில்லை. ஒரு தொழிலாளி தனியாக வழக்குப் போட்டிருந்தாலும் இதே சராசரிக் கணக்கைத்தான் சாட்சியாகக் காட்டியிருப்பார். தனி வழக்கில் செல்லுபடியாகும் சாட்சி, கூட்டு வழக்கிலும் செல்லும் என்றார்கள்.

வால்மார்ட் பெண்கள் தோற்றதற்கும் இவர்கள் ஜெயித்ததற்கும் என்ன வித்தியாசம்? இவர்கள் ஒரே தொழிற்சாலை, ஒரே மாதிரி வேலை, ஒரே சம்பள முறை. எல்லாருக்கும் சேர்த்துக் காட்டக்கூடிய ஒரே சாட்சியும் கையில் இருந்தது. அந்தப் பெண்கள் பல ஆயிரம் மேலாளர்களுக்குக் கீழே சிதறி இருந்தார்கள்.

கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்குவது

அனுமதி கொடுத்துவிட்டால் அது கல்வெட்டு இல்லை. இறுதித் தீர்ப்பு வரும்வரை நீதிபதி அதை மாற்றலாம், சுருக்கலாம், ரத்து செய்யலாம். விசாரணையில் புதுச் சாட்சி வரும்போது ஆளுக்கு ஆள் கதை மாறுகிறது என்று தெரிந்தாலும், பிரதிநிதி சரியில்லை என்று ஆனாலும் ரத்து ஆகலாம்.

கலிபோர்னியாவில் யு.பி.எஸ். என்ற பார்சல் நிறுவனத்தின் மேற்பார்வையாளர்கள், ஓவர்டைம் கூலி கேட்டார்கள். 'நீங்கள் மேற்பார்வையாளர், உங்களுக்கு ஓவர்டைம் கிடையாது' என்று நிறுவனம் எல்லாருக்கும் ஒரே விதி வைத்திருந்தது. ஒரே விதிதானே என்று முதலில் அனுமதி கிடைத்தது. பிறகு அதே நீதிமன்றம் ரத்து செய்தது. ஏனென்றால், ஒருவருக்கு ஓவர்டைம் உண்டா என்பது அவர் தினமும் உண்மையில் என்ன வேலை செய்தார் என்பதைப் பொறுத்தது. அது ஆளுக்கு ஆள் மாறியது. எல்லாருக்கும் பொருந்தும் சாட்சி இல்லை. 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ரத்து சரிதான் என்றது. இன்னொன்றும் சொன்னது: அனுமதியை ரத்து செய்யலாமா என்ற கேள்வி வரும்போதும், இது கூட்டு வழக்குக்குத் தகுந்ததுதான் என்று காட்ட வேண்டிய பொறுப்பு வழக்குப் போட்டவருக்குத்தான். ஒரு தடவை காட்டிவிட்டோம் என்று உட்கார்ந்துவிட முடியாது.

ரத்து ஆனால் மற்றவர்கள் கதி? அவரவர் தனியாக வழக்குப் போட வேண்டும். கூட்டு வழக்கு நடந்த காலத்தைக் கெடுவில் கழித்துவிடுவார்கள் என்று 1974 முதல் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் மறுபடி கெடு ஓட ஆரம்பித்துவிடும். அது தெரியாமல் வீட்டில் காத்திருப்பவருக்குக் கடைசியில் ஒன்றும் மிஞ்சாது.

நம் நாட்டில் என்ன வழி?

நம்மிடமும் இது இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908-ல் முதல் கட்டளை, எட்டாவது விதி. ஒரே நலன் உள்ள பலருக்காக ஒருவரோ சிலரோ கோர்ட்டு அனுமதியோடு வழக்கு நடத்தலாம். அனுமதி கொடுத்தால் எல்லாருக்கும் நோட்டீஸ் போக வேண்டும், அல்லது பத்திரிகையில் விளம்பரம் வர வேண்டும். அந்தச் செலவு வழக்குப் போட்டவருடையது. பாதிக்கப்பட்ட யாரும் 'என்னையும் சேருங்கள்' என்று மனு கொடுக்கலாம். பிரதிநிதி சரியாக நடத்தாவிட்டால் கோர்ட்டு வேறு ஆளைப் போடலாம். எல்லாருக்கும் சொல்லாமல் சமாதானமாகப் போகவோ, வழக்கை வாபஸ் வாங்கவோ முடியாது. தீர்ப்பு எல்லாரையும் கட்டுப்படுத்தும்.

பொருள் வாங்கி ஏமாந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 35-வது பிரிவிலும் இதே வழி உண்டு. இங்கேயும் 'ஒரே நலன்' என்பதுதான் உரைகல்.

நம் சென்னையில் நடந்த வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அசோக் நகரில் தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் குறைந்த வருமானப் பிரிவினருக்கு வீடு ஒதுக்கியது. பல வருடம் கழித்து, இன்னும் பணம் கட்டுங்கள் என்று வாரியம் கேட்டது. ஒருவர் எல்லாருக்காகவும் வழக்குப் போட்டார். ஒவ்வொருவருக்கும் தனித்தனி நோட்டீஸ்தானே கொடுத்தோம், இது எப்படிக் கூட்டு வழக்கு ஆகும் என்றது வாரியம். 1990-ல் உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. நோட்டீஸ் தனித்தனியாக இருக்கலாம். ஆனால் கூடுதலாகக் கேட்க வாரியத்துக்கு உரிமை உண்டா என்ற கேள்வி எல்லாருக்கும் ஒன்று. ஆகவே வழக்கு செல்லும் என்றது.

அதற்கு மாறாக, பெங்களூரில் பிரிகேட் நிறுவனத்தின் அடுக்குமாடி வீடு வாங்கியவர்கள் 91 பேர், தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்டு, அங்கே வீடு வாங்கிய எல்லாருக்கும் சேர்த்துப் புகார் கொடுத்தார்கள். மொத்தம் 1,134 வீடுகள். எல்லாருடைய நலனும் ஒன்றுதான் என்பதைப் புகாரில் சரியாக எழுதிக் காட்டவில்லை என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லாருக்குமான வழக்காக அது செல்லாது. ஆனால் அந்த 91 பேரும் தங்களுக்காகச் சேர்ந்து கொடுத்த புகாராக நடத்தலாம் என்று வழி விட்டது. அதாவது, ஊருக்கே வழக்கு என்று முடியாவிட்டாலும், பேர் போட்டுக் கையெழுத்துப் போட்டவர்கள் சேர்ந்து போகலாம். கதவு முழுக்க மூடவில்லை.

நாம் என்ன செய்ய வேண்டும்?

சகோதரிகளே, வழக்குப் போடுங்கள் என்று தூண்டிவிட நாங்கள் வரவில்லை. பேசித் தீர்ந்தால் அதுவே நல்லது. ஆனால் அநியாயம் நடந்தால், முதல் நாளிலிருந்தே இதையெல்லாம் செய்து வைப்போம்.

1. கேள்வியை ஒரே வரியில் தீர்மான நோட்டில் எழுதுங்கள். 'எல்லாரையும் ஏமாத்திட்டாங்க' என்று எழுதினால் போதாது. 'ஒரே மாடல் தையல் மிஷினில் ஒரே பாகம் உடைந்தது, அந்தப் பாகமே குறையா?' என்று எழுதுங்கள். அதற்கு வரும் பதில் எல்லாருக்கும் பொருந்துகிறதா என்று ஒவ்வொரு உறுப்பினரையும் கேட்டுப் பாருங்கள்.

2. கதை மாறுகிறவர்களைத் தனிப் பட்டியலில் எழுதுங்கள். ஆள் கூட்டம் காட்ட எல்லாரையும் ஒரே பட்டியலில் சேர்த்தால், அவர்களால் மற்றவர்களின் வழக்கும் கெட்டுப்போகலாம்.

3. சாட்சியைச் சேர்த்து வையுங்கள். பில், பாஸ்புக், வாரண்டி அட்டை, தேதி போட்ட போட்டோ, கம்பெனிக்கு எழுதிய கடிதத்தின் நகல். நூறு பேர் அழுகையைவிட ஒரே மாதிரி நூறு பில்லுக்குக் கோர்ட்டில் மதிப்பு அதிகம்.

4. பிரதிநிதியைக் கூட்டத்தில் தேர்ந்தெடுங்கள். தனக்கும் அதே பாதிப்பு இருப்பவராக, தனியாகப் பேரம் பேசாதவராக இருக்க வேண்டும். வழக்கில் நடப்பதை மாதம் ஒரு தடவை எல்லாருக்கும் சொல்ல வேண்டும்.

5. கெடுவை மறக்காதீர்கள். நுகர்வோர் புகாருக்கு இரண்டு வருடம். 'யாரோ போட்டிருக்காங்களே' என்று காத்திருக்க வேண்டாம்.

6. பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்ய வாங்கிய மிஷினுக்கும் நுகர்வோர் சட்டம் பொருந்தும். 'தொழிலுக்கு வாங்கினது, புகார் செல்லாது' என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம்.

7. வக்கீல் வைக்கப் பணம் இல்லையே என்று பின்வாங்க வேண்டாம். சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 1987-ன்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா கோர்ட்டில் உள்ள சட்டப்பணிகள் குழுவில் கேளுங்கள். போன் எண் 15100. நுகர்வோர் விஷயத்துக்கு 1915.

நம் குழுக்களில் எத்தனையோ வருடமாக ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். எல்லாருக்கும் பணம் வேண்டும் என்பதற்காக எல்லாருக்கும் கடன் கொடுத்துவிட மாட்டோம். யாருக்கு என்ன தேவை, எப்படிக் கட்டுவார் என்று ஒவ்வொருவராகக் கேட்டு, எழுதி, பிறகுதான் தீர்மானம் போடுவோம். கோர்ட்டு கேட்பதும் அதே மாதிரிக் கணக்குதான். பத்துப் பேர் சேர்வது நமக்குப் புதிது இல்லை. எதனால் சேர்ந்தோம் என்பதை எழுத்தில் காட்டத் தெரிந்தால், சேர்ந்து போன வழக்கும் நிற்கும்.

இந்த ஏழு விஷயங்களையும் அடுத்த வாரக் குழுக் கூட்டத்தில் ஊக்குநர்கள் படித்துக் காட்டுங்கள். சந்தேகம் வந்தால் நோட்டில் எழுதி அடுத்த மாதம் கொண்டு வாருங்கள். சேர்ந்து பேசுவோம்.